தில்லி நந்தவனத்தில் ஒரு தஞ்சாவூர்க் குடியானவர்

சரித்திர பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு. அழகான இடம் எதுவானாலும் அதை அவன் முதலில் வருஷக் கணக்காகப் பார்ப்பான். கண்ணால் பார்ப்பது பிற்பாடுதான். சென்ற மாசி மாதத்தில் தில்லி ராஷ்டிரபதி பவனத்துத் தோட்டத்தைப் பார்க்கப் போனபோது அந்தச் சாபத்திலிருந்து எனக்குச் சிறிது விமோசனம் கிடைத்தது. அதற்குக் காரணமாயிருந்தவர் என் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு எழுபத்தாறு வயது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடியானவர். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருப்பது அவர் கிராமம். தண்ணீர் வரும் வருஷம் வரும். வராத வருஷம் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். அவருடைய மகன் தில்லியில் உத்தியோகமாயிருக்கிறான். பேரப்பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டவருக்கு வழித்துணையாக நான் போனேன். போன இடத்தில், “ஜனாதிபதி வீட்டுத் தோட்டத்தை இந்த மாதந்தான் திறந்து விடுவார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று தம்பி எங்கள் இருவருக்கும் அனுமதிச் சீட்டு வாங்கி விட்டான். அதற்குக் கட்டணம் கிடையாது. நாளும் நேரமும் முன்கூட்டியே கைப்பேசி வழியாகக் குறித்துக் கொள்ளலாம்.

முப்பத்தைந்தாம் எண் வாயில் என்று ஓர் இடம். அங்கே எங்களைத் தடவிப் பார்த்து, பையைத் திறந்து பார்த்து, சித்தப்பாவின் வெற்றிலைச் செல்லத்தை வாங்கி வைத்துக் கொண்டு, உள்ளே அனுப்பினார்கள். செல்லம் இல்லாமல் சித்தப்பா ஒரு மணி நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. அன்று மூன்று மணி நேரம் இருந்தார்!

தோட்டம் மாளிகைக்குப் பின்புறம், மேற்குத் திசையில் இருக்கிறது. பரப்பு பதினைந்து ஏக்கர். “அப்படியென்றால் இரண்டேகால் வேலி” என்றார் சித்தப்பா, நான் சொல்லி வாய் மூடுவதற்குள். மாளிகையைச் சேர்ந்த மொத்த நிலம் 330 ஏக்கர் என்று சொன்னபோது மட்டும் கணக்குப் போடாமல் பேசாதிருந்து விட்டார்.

முதலில் கண்ணில் படுவது நேர்கோடுகள். செந்நிறக் கல்லால் கரை கட்டிய இரண்டு வாய்க்கால்கள் வடக்குத் தெற்காகவும், இரண்டு வாய்க்கால்கள் கிழக்கு மேற்காகவும் ஓடித் தோட்டத்தைச் சதுரம் சதுரமாகப் பிரிக்கின்றன. அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் தாமரை இலைகளை அடுக்கியது போன்ற கல் ஊற்றுகள் ஆறு. தண்ணீர் அவற்றிலிருந்து பன்னிரண்டடி உயரம் எழும்பி, இலைக்கு இலை சொட்டிக் கீழே இறங்குகிறது. நடுவே ஒரு பெரிய புல்தரை. குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் ஜனாதிபதி விருந்தாளிகளை வரவேற்பது அங்கேதான். புல்தரையைச் சுற்றிலும் பாத்தி பாத்தியாகப் பருவப் பூக்கள். அவற்றின் பெயர்களை நான் அடுக்கப் போவதில்லை. பாதிப் பெயர் எனக்கே வாயில் நுழையவில்லை. ஹாலந்து தேசத்துத் துலிப் மலர்கள், மெழுகில் செய்து நிறுத்தியது போல, ஓர் ஒழுங்கில் அணிவகுத்து நின்றன. கூட்டம் முழுவதும் அங்கேதான் படம் எடுத்துக் கொண்டிருந்தது.

சித்தப்பா துலிப் பக்கம் திரும்பவில்லை. வாய்க்காலின் கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார்:

“தம்பி, இந்த வாய்க்காலுக்குக் கடைமடை எங்கே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “இது பாசனத்துக்கு இல்லை, சித்தப்பா. பார்ப்பதற்கு” என்றேன்.

“வாய்க்கால் வெட்டியவன் வயலை மறந்து விட்டானா?” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இவ்விடத்தில் நேயர்களுக்குத் தோட்டத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிட வேண்டும். 1911-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். ராஜப் பிரதிநிதிக்கு மாளிகை கட்டும் வேலை எட்வின் லட்யன்ஸ் என்ற சிற்பியிடம் வந்தது. அப்போது ராஜப் பிரதிநிதியாக இருந்தவர் லார்ட் ஹார்டிஞ்ச். அவருடைய மனைவிக்குக் கஷ்மீரத்து ஷாலிமார் தோட்டத்தின்மேல் அளவற்ற மோகம். மாளிகை எப்படியிருந்தாலும் தோட்டம் மொகலாயர் முறையில்தான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் விரும்பினாள். தன் விருப்பம் நிறைவேறியதைக் காண அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை; 1914-ல் காலமாகி விட்டாள். லட்யன்ஸ் 1917-ல் தோட்டத்தின் வரைபடத்தை முடித்தார். செடி நட ஆரம்பித்தது 1928-29-ல். நட்டு வளர்த்த பெருமை வில்லியம் மஸ்டோ என்ற தோட்டக்கலை நிபுணரைச் சேரும்.

மொகலாயர் தோட்டத்தின் தத்துவம் நான்கு நதிகள் பாயும் சொர்க்கம். பாலைவனத்தையும் வறண்ட மலைகளையும் கண்டவர்களுக்குச் சொர்க்கம் என்றால் தண்ணீர்தான். இதைக் கடைமடைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கஷ்மீரத்துத் தோட்டங்கள் மலைச்சரிவில் படிப்படியாக இறங்குவன. அங்கே அருவி தானாகவே விளையாடும். தில்லியில் அந்தச் சௌகரியம் இல்லாததால் லட்யன்ஸ் தண்ணீரைச் சமதரையில் நிறுத்திக் கண்ணாடியாக்கி விட்டார். பூப்பாத்திகளையோ இங்கிலாந்து தேசத்து வீட்டுத் தோட்டங்களின் மாதிரியில் நெருக்கி நிரப்பினார். இரண்டும் பொருந்தியிருக்கின்றனவா என்றால், பொருந்தித்தான் இருக்கின்றன. அந்நியர் செய்தது என்பதற்காக அழகில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாய்க்கால் நீரில் மாளிகையின் கவிகை மாடம் தலைகீழாக விழுந்து, ஒரு குருவி குனிந்து குடித்ததும் கலைந்து, மறுபடியும் கூடிற்று. நான் அதைப் பார்த்துக் கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

சித்தப்பாவின் குரல் கேட்டுத்தான் விழித்துக் கொண்டேன். “இது மகிழமரம் அல்லவா?” என்று ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டினார். மகிழந்தான். கோயில் பிராகாரங்களில் வானளாவ வளர்ந்து, வைகாசியில் தரையெல்லாம் பூச்சிந்தும் அதே மகிழமரத்தை, ஆளுயரத்துக்கு மேலே போக விடாமல், நாய்க்குடை போல வட்டமாகக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். சித்தப்பா அதன் முதுகைத் தட்டி, “உனக்கும் சர்க்கார் உத்தியோகமா? கிராப்பு வெட்டி விட்டார்களே!” என்றார்.

அதைவிட வேடிக்கை புல்லின் விஷயம். புல்தரைக்காகக் கல்கத்தாவில் பெல்வெடேர் மாளிகையிலிருந்து ‘தூப்’ என்னும் புல்லைக் கொண்டு வந்து நட்டார்கள். அந்த மாளிகையின் வளாகத்தில் இப்போது தேசிய நூலகம் இருக்கிறது. தூப் என்பது என்ன? நம் ஊர் அருகம்புல்! இதைச் சொன்னதும் சித்தப்பா ஒரு நிமிஷம் பிரமித்துப் போனார். “ஐம்பது வருஷமாக இதைப் பிடுங்கிப் பிடுங்கித்தானே என் இடுப்பு ஒடிந்தது? இதையா கல்கத்தாவிலிருந்து வரவழைத்தான்? எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் வண்டி வண்டியாக அனுப்பியிருப்பேனே!” என்றார்.

மத்தியத் தோட்டத்தைத் தாண்டினால் நீண்ட தோட்டம். இருபுறமும் உயர்ந்த மதில். நடுவில் செந்நிறக் கல் தூண்களின்மேல் கொடிகள் படர்ந்த பந்தல். அதன் பக்கங்களில் ரோஜாப் பாத்திகள். ரோஜாவில் நூற்றுக்கு மேற்பட்ட ஜாதிகள். அர்ஜுனன், பீமன், ராஜா ராம்மோகன் ராய், அன்னை தெரஸா என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். பீமன் என்ற ரோஜாவைப் பீமன் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றிற்று. அதற்கும் அப்பால் வட்டத் தோட்டம்: படிப்படியாகப் பள்ளத்தில் இறங்கும் பூவரிசைகளும், அடியில் ஒரு குளமும். பட்டாம்பூச்சித் தோட்டம் என்றும் அதைச் சொல்கிறார்கள்.

மவுண்ட்பேட்டன் பிரபுவின் காலத்தில் இங்கே 418 தோட்டக்காரர்கள் இருந்தார்கள் என்றும், அவர்களில் ஐம்பது பேர் பறவை ஓட்டுவதற்கென்றே வைத்திருந்த பையன்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். நெல் முற்றும் காலத்தில் கிளி ஓட்டுவதற்குச் சிறுவர்களை அனுப்புவது நாம் அறிந்ததே. பூவுக்காகப் பறவை ஓட்டுவது ராஜாங்கம். காந்தியடிகள் இந்த மாளிகையை ஆஸ்பத்திரியாக்கி விடலாம் என்று கருதியதில் வியப்பில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிய விஷயம்.

வட்டத் தோட்டத்துப் படியில் உட்கார்ந்து இளைப்பாறும்போது சித்தப்பா சாவதானமாகக் கேட்டார்: “இதெல்லாம் கட்டுவதற்கு முன்னால் இங்கே யாருடைய வயல் இருந்தது?”

இருபது வருஷமாகப் புதுத் தில்லியின் நிர்மாணத்தைப் பற்றிப் பாடம் சொல்லி வருகிறேன். தர்பார், தலைநகர மாற்றம், லட்யன்ஸ், அவருடைய சகாவான ஹெர்பர்ட் பேக்கர் என்று கரும்பலகை நிறைய எழுதிப் போடுவேன். ஒரு மாணவனும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை; நானும் கேட்டுக் கொண்டதில்லை. ஆனால் விடை எனக்குத் தெரியாததல்ல. ரெய்ஸினா, மால்சா முதலிய கிராமங்கள் இங்கே இருந்தன. மாளிகை நிற்கும் குன்றுக்கு இன்றும் ரெய்ஸினா என்றுதான் பெயர். மன்னர் வாய்திறந்த அந்த டிசம்பர் மாதத்திலேயே நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்து விட்டது. 1894-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டத்தின்படி குடியானவர்களை வெளியேற்றினார்கள். மால்சாக்காரர்களின் சந்ததியார் ஹரியானாவில் சோனிபட்டுக்கு அருகே வாழ்கிறார்கள். மூதாதையரின் நிலத்துக்கு நஷ்டஈடு வந்து சேரவில்லை என்று, நூறு வருஷம் கழித்தும், கோர்ட்டுப் படி ஏறினார்கள்.

“எந்தச் சட்டம் என்றாய்?”

“1894-ம் வருஷத்துச் சட்டம்.”

சித்தப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக் கொண்டேன்.

சித்தப்பாவுக்கு ஊரில் ஆறு மா நிலம் இருந்தது. நாவலடி என்று அந்த வயலுக்குப் பெயர். வரப்பில் ஒரு கிழட்டு நாவல்மரம் நின்றதால் அந்தப் பெயர். 2006-ல் ஒரு பஸ் நிலையத்துக்காக அதை எடுத்துக் கொண்டார்கள். எந்தச் சட்டப்படி? அதே 1894-ம் வருஷத்துச் சட்டப்படிதான். வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டம், அவன் போய் அறுபத்தாறு வருஷம் உயிரோடிருந்து, 2014-ம் வருஷப் பிறப்பன்றுதான் மாண்டது. சென்ட்டுக்குச் சர்க்கார் நிர்ணயித்த விலையில் அந்த ஊரில் ஒரு நல்ல கறவை மாடு வாங்க முடியாது. விலையைக் கூட்டித் தரவேண்டும் என்று சித்தப்பா எட்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். கடைசியில் கூடுதலாகக் கிடைத்த தொகை, வக்கீல் கட்டணமும் பஸ் கட்டணமும் போக, சித்தியின் வைத்தியத்துக்குச் சரியாயிருந்தது. அந்தப் பஸ் நிலையத்தில் அவர் இதுவரை ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை. அடுத்த நிறுத்தம் வரையில் நடந்து போய்த்தான் ஏறுவார்.

இதையெல்லாம் எண்ணி நான் மௌனமாயிருந்தேன். பேச்சை மாற்றலாம் என்று, இந்த மாளிகையில் வசித்த நம்மவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்ரீ ஆர். வெங்கட்ராமன் பட்டுக்கோட்டைத் தாலுக்கா ராஜாமடத்தில் பிறந்தவர். 1987 முதல் 1992 வரையில் ஜனாதிபதியாயிருந்தார். அவர் இங்கே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார் என்றேன். “நம் பக்கத்துக்காரர் கள்ளியையா நட்டார்? தண்ணீரின் அருமை தெரிந்தவர்!” என்று சித்தப்பா பலமாகச் சிரித்தார். ராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் மூலிகைத் தோட்டமும், கண் தெரியாதவர்கள் தொட்டும் முகர்ந்தும் அறிவதற்கென்று, புடைப்பெழுத்துப் பலகைகளுடன் ஒரு தோட்டமும் அமைத்ததைச் சொன்னேன். சித்தப்பா அதை மிகவும் மெச்சினார்.

பிறகு ராஜாஜியின் விஷயம் வந்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் ஒரு வினோதமான சம்பந்தம் இருக்கிறது.

இந்தத் தோட்டத்தை வகுத்த லட்யன்ஸின் மனைவி எமிலி, லார்ட் லிட்டனின் மகள். லிட்டன் யார்? 1876-லிருந்து 1880 வரையில் ராஜப் பிரதிநிதியாயிருந்தவர். அந்தக் காலத்தில் வந்ததுதான் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் ஜனங்கள் பட்டினியால் சாலையோரங்களில் விழுந்து மடிந்து கொண்டிருக்கையில், 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று முரசறைவதற்காகத் தில்லியில் தர்பார் நடத்தி ராஜ விருந்து படைத்தவர் அவர். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பார்கள். அது ஓய்ந்த 1878-ம் வருஷத்தில், அதன் கொடுமையை நன்றாக அநுபவித்த சேலம் ஜில்லாவில், தொரப்பள்ளிக் கிராமத்தில், ராஜகோபாலாச்சாரியார் பிறந்தார்.

எழுபது வருஷம் கழித்து, 1948 ஜூன் மாதத்தில், அவர் இந்த மாளிகைக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். ராஜப் பிரதிநிதிகள் படுத்த பிரம்மாண்டமான அறை தமக்கு வேண்டாமென்று, சிறிய அறை ஒன்றில் தங்கினார். அப்போது தேசத்தில் உணவுத் தட்டுப்பாடு. ராஜாஜி தோட்டத்தின் ஒரு பகுதியைத் தானியம் பயிரிட ஒதுக்கி, தாமே ஏர் பிடித்து உழுதார். கோதுமை விதைத்தார்கள். அவ்விடத்தில் இப்போது மாளிகைக்கு வேண்டிய காய்கறிகள் விளைகின்றன.

“ராஜாஜி ஏர் பிடித்தாரா?” என்று சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கோணாமல் உழுதாரா?”

“அது எனக்குத் தெரியாது, சித்தப்பா. படத்துக்காக இரண்டு சால் ஓட்டியிருக்கலாம். அப்போது அவருக்கு எழுபது வயது.”

“இரண்டு சால் போதும். அந்த மண்ணுக்கு அது ஞாபகம் வந்திருக்கும்” என்றார் சித்தப்பா.

எங்கள் தாத்தாவின் தகப்பனார் காலத்தில், தாது வருஷத்தில், மேற்கேயிருந்து கஞ்சி தேடி வந்த கூட்டத்தைப் பற்றி அவர் சிறு வயதில் கேட்ட கதையொன்றைச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. குழந்தைகள் படிக்கும் பத்திரிகை.

கூட்டம் எங்களைக் கடந்து போய்க் கொண்டேயிருந்தது. பஞ்சாபிப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், தலையில் முண்டாசுடன் வந்த ஹரியானாக் கிழவர்கள். முதல் ஜனாதிபதி ராஜேந்திர பிரஸாத் காலத்தில்தான் இத்தோட்டம் பொது ஜனங்களுக்குத் திறந்தது. வருஷத்தில் முக்கால் பாகம் பூட்டிக் கிடந்தாலும், திறந்த நாட்களில் யாரும் கேட்பாரில்லாமல் நடக்கலாம். 2023 ஜனவரியில் மொகலாயத் தோட்டம் என்ற பெயரை மாற்றி அம்ருத உத்தியானம் என்று வைத்தார்கள். பெயரைப் பற்றி வாதாடினவர்கள் அநேகர். பெயர் எதுவாயிருந்தாலும், வாய்க்கால் பாபர் வழியில்தான் ஓடுகிறது. புல்லோ கல்கத்தாப் புல். அதற்கு அடியில் இருக்கும் மண் மட்டும் ரெய்ஸினாக் குடியானவனுடையது.

வெளியே வரும் வழியில், பாத்தியில் களை எடுத்துக் கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவரிடம் சித்தப்பா நின்றார். இவருக்கு ஹிந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. சித்தப்பா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, உப்புக் கரிக்கிறதா என்பதற்கு ஜாடை காட்டினார். அந்த மனிதர் இல்லையென்று கையசைத்து, எருக்குவியல் இருக்கும் திக்கைக் காட்டினார். இருவரும் சிறிது நேரம் இப்படியே பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரியும்போது தோட்டக்காரர், காவலர்கள் பார்க்கவில்லை என்று உறுதி செய்து கொண்டு, களையோடு பிடுங்கிய அருகம்புல் வேர் ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பா அதை இடுப்பில் செருகிக் கொண்டார்.

வெற்றிலைச் செல்லம் பத்திரமாகத் திரும்பக் கிடைத்தது.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போகுமுன், தம்பியின் சிநேகிதர் ஒருவரைப் பார்க்கச் சாணக்யபுரிப் பக்கம் ஆட்டோவில் போனோம். விசாலமான சாலை, இரு மருங்கும் மரங்கள், பெரிய மனிதர்களின் பங்களாக்கள். திருப்பத்தில் ஒரு பலகையைக் கண்டு, “மால்சா மார்க்” என்று நான் உரக்கப் படித்து விட்டேன். சித்தப்பா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ப் பலகையருகே நின்றார். சாலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார், வரப்பைத் தேடுகிறவர் போல.

“இந்த ஊர்க்காரர்களுக்குப் பெயராவது மிஞ்சிற்று” என்றார் திரும்பி வந்து. “நாவலடி என்றால் பஸ் நிலையத்துப் பையன்களுக்கு இப்போது தெரியாது.”

ஆட்டோக்காரர் மணியாகிறது என்று அவசரப்படுத்தினார். சித்தப்பா ஏறி உட்கார்ந்து, இடுப்பிலிருந்த அருகம்புல்லைத் தொட்டுப் பார்த்துக் கொண்டு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று விசாரித்தார்.